கடத்தல் வீடியோவைக் காட்டாதீர்கள்: பாதுகாப்பு வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் எங்களுக்கும் வேலை ஆரம்பித்துவிடும். பெற்றோர் கூட்டம், அபார்ட்மென்ட் சங்கம், மகளிர் குழு என்று யார் கூப்பிட்டாலும் போய் ஒரு மணி நேரம் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவிட்டு வருவது என் தொழில். கொஞ்ச காலமாக, புதிதாக இதில் இறங்கும் பையன்கள், பெண்களின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. நன்றாகவே பேசுகிறார்கள், எங்கள் செட்டைவிடச் சரளமாக. ஆனால் நாங்கள் எங்கெங்கே சறுக்கினோமோ, சொல்லிவைத்தாற்போல அங்கேயே சறுக்குகிறார்கள்.

மைக்கைச் சரிபார்க்காமல் போவது, ஸ்லைடை பொடி எழுத்தால் நிரப்புவது, பேச்சை இழுத்து சாப்பாட்டு நேரத்தைத் தின்பது. இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, நாலு வகுப்பு எடுத்தால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாத சில உண்டு. அவை எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. ஜனங்கள் வெட்டுக்குத்துக்கும் கடத்தலுக்கும் பயப்படும் அளவுக்கு, தங்களை நிஜமாகவே கொல்லக்கூடிய அன்றாடச் சமாசாரங்களுக்குப் பயப்படுவதில்லை. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கூட்டத்துக்கு விவரம் போதாது என்று நினைப்பது

எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "உங்க பிள்ளைக்கு என்ன ஆகிடுமோன்னு பயமா இருக்கு?" என்றால் வரும் பதில்: பிள்ளை பிடிக்கிறவன், கஞ்சா கோஷ்டி, செயின் பறிக்கிறவன், ஒருதலைக் காதல்காரன். பள்ளி வாசலில் ஓடும் சாலையை யாரும் சொல்ல மாட்டார்கள். சுவர் இல்லாத கிணற்றையோ, ஏரியில் மண் அள்ளிவிட்டுப் போன பள்ளத்தையோ சொல்ல மாட்டார்கள்.

2022-ம் ஆண்டு அரசுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே வருடம் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். தண்ணீரில் மூழ்கியவர்கள் மட்டும் 38,000-க்கு மேல். தமிழ்நாட்டில் இடைவெளி இன்னும் அதிகம். சாலையில் 17,884 உயிர்கள். கொலை வழக்குகள் 1,700-ஐ ஒட்டி. ஒன்றுக்குப் பத்து.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் புதியவர்களுக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள், நாம் தெரிந்தவர் என்று. அப்படி இல்லை. அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு கொலை பேப்பரில் எத்தனை நாள் ஓடுகிறது என்று பாருங்கள். முதல் நாள் வெட்டிச் சாய்த்த செய்தி, மறுநாள் தனிப்படை, அப்புறம் கைது, 'பரபரப்பு வாக்குமூலம்', குண்டர் சட்டம், சில வருடம் கழித்துத் தீர்ப்பு. பைக்கில் போனவர் லாரி மோதி இறந்தால் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி; 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்பதோடு சரி. ஒரு கொலையை ஏழெட்டுத் தடவை கேட்கிறோம், ஒரு விபத்தை ஒரு தடவைகூட முழுசாகப் படிப்பதில்லை. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-லேயே இதை எழுதிவிட்டார்கள். எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ, அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனசு முடிவு கட்டிக்கொள்கிறது. 1978-ல் சாரா லிக்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் குழுவினர் அமெரிக்கர்களிடம் எந்தெந்தச் சாவு எவ்வளவு நடக்கிறது என்று கேட்டார்கள். கொலையை உள்ளதைவிடக் கூட்டியும், சர்க்கரை நோயை உள்ளதைவிடக் குறைத்தும்தான் பதில் வந்தது.

இன்னொன்று, பிடி யார் கையில் இருக்கிறது என்பது. ஸ்கூட்டர் ஹேண்டில் என் கையில் இருக்கிறது, நான் பார்த்துப் போவேன் என்று ஒவ்வொருவரும் நம்புகிறோம். கத்தி அவன் கையில் இருக்கிறது. நாமாக ஏற்றுக்கொண்ட ஆபத்தைப் பல மடங்கு பொறுத்துக்கொள்கிறோம், பிறர் நம் தலையில் கட்டுவதைத் துளிகூடப் பொறுப்பதில்லை என்று சான்சி ஸ்டார் என்கிற பொறியாளர் 1969-ல் எழுதினார்.

மூன்றாவது காரணம் எந்தக் கணக்கிலும் வராது. லாரிக்காரருக்கு நம் மேல் பகை கிடையாது, கொலைகாரன் நம்மைத் தேடிக்கொண்டு வருகிறான். ஒரு தெரு முனையில் விபத்து நடந்தால் மறுநாள் காலை அதே முனையில் நின்று பால் வாங்குவார்கள். கொலை நடந்தால் மாதக் கணக்கில் மாலை ஆறு மணிக்கே கதவு சாத்திவிடும். அங்கே ஒரு உயிரோடு சேர்ந்து, அக்கம்பக்கத்தார் மேலிருந்த நம்பிக்கையும் போகிறது. அதை இழந்தவர்களிடம் போய் 'நீங்கள் கணக்கில் வீக்' என்று சொல்வது அசட்டுத்தனம்.

எண்களை முகத்தில் எறிவது

மேலே நான் கொடுத்த எண்களை அப்படியே ஸ்லைடில் போட்டு வகுப்பை ஆரம்பிக்காதீர்கள். ஒரு பையன் அப்படித்தான் ஆரம்பித்தான். "கொலையைவிட ரோடு பத்து மடங்கு டேஞ்சர்" என்று முழங்கினான். மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "தம்பி, போன மாசம் வெட்டுப்பட்டுச் செத்தது என் மச்சான் மகன்" என்றார். அவ்வளவுதான், அன்றைய வகுப்பு அங்கேயே முடிந்துவிட்டது. வகுப்பு எடுக்கப் போகும் தெருவில் சமீபத்தில் என்ன நடந்தது என்று ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம்.

எண்ணைக் காட்டுவதாக இருந்தால் அது எப்படிச் சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக் கடத்தல் எண்ணிக்கை இதற்கு நல்ல உதாரணம். 2013-ல் உச்ச நீதிமன்றம், குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தாலே கடத்தல் அல்லது ஆள் கடத்தல் வியாபாரம் என்று எடுத்துக்கொண்டு வழக்குப் பதியச் சொன்னது. நல்ல உத்தரவு, முன்பெல்லாம் 'ரெண்டு நாள்ல வந்துடுவான், போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதற்கப்புறம் அந்தக் கணக்கில், பரீட்சையில் பெயிலாகி வீட்டைவிட்டு ஓடிய பையனும் இருக்கிறான், காதலித்துப் போன பதினேழு வயதுப் பெண்ணும் இருக்கிறாள். அதைத் தூக்கிவந்து 'இத்தனை ஆயிரம் குழந்தைகளைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் தூக்கிப் போயிருக்கிறார்கள்' என்று சொன்னால் பொய்.

கொலைக் கணக்கும் அப்படித்தான். 28,522-ல் 9,962 தகராறினால் நடந்தவை. சொந்தப் பகையால் 3,761. பணம், நகைக்காக 1,884. வெளியே இருந்து எவனோ வந்து கொன்றுவிடுவான் என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு, மொத்த எண்ணிக்கையைவிட இந்தப் பிரிவு உபயோகமானது.

கடத்தல் வீடியோ

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

கூட்டம் கசமுசவென்று பேசிக்கொண்டிருக்கும். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சிசிடிவி வீடியோவை ஓடவிடுவார். தெருவில் விளையாடும் குழந்தை, ஒரு பைக், ஒரு கை. ஹால் கப்சிப். அந்த நிசப்தம் ஒரு போதை. அடுத்த வகுப்பிலும் அதே வீடியோதான். ஏன் என்று கேட்டால், "சார், அதைப் போட்டாதான் ரூம் அடங்குது" என்கிறார்கள். அடங்கத்தான் செய்யும். அடங்கியவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள் என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் 2018 தெரிந்திருக்க வேண்டும். பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்பு ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்திருந்தது. தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் வரும் இருவரில் ஒருவர் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள, வண்டி பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பி வருகிறது, பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள், ஒரு குழந்தையைத் தூக்குவதற்கு ஒரு நொடி போதும் என்கிற மாதிரி ஒரு பதாகையைக் காட்டுகிறார்கள். நல்ல எண்ணத்தில் எடுத்த படம். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டின படம் இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம்ம ஊர், நேற்று நடந்தது, ஜாக்கிரதை என்று ஊருக்கு ஊர் குரல் பதிவு சேர்ந்துகொண்டது.

அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், கோயிலுக்கு வழி கேட்டு வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில், அந்தக் குடும்பத்தின் 65 வயது அம்மா இறந்துபோனார். அதே சமயத்தில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர். அந்த மாதம்தான் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

வன்முறைக்குப் பயந்தவர்கள்தான் அந்த வன்முறையைச் செய்தார்கள். மூலப் பொருளாக இருந்தது ஒரு பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். இது தெரிந்தும் ஒருவர் கடத்தல் வீடியோவோடு வகுப்புக்கு வந்தால் அவரை என்ன சொல்வது?

"அது ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி சார், இப்ப ஜனங்க உஷாராயிட்டாங்க" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் வகுப்பு எடுத்த அபார்ட்மென்டிலேயே பார்த்தேன். வீடியோ ஓடும்போதே நாலைந்து செல்போன்கள் மேலே எழும்பின, திரையைப் படம் எடுக்க. அந்த வாரமே அது பக்கத்து நகர் குழுவில் வந்துவிட்டது, 'நம்ம ஏரியா' என்ற தலைப்போடு. அடுத்த நாள் கேட்டில், வருடக் கணக்காக அந்தத் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரரை நிறுத்தி ஆதார் அட்டையைக் கேட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அடி உதை நடக்காத இடத்திலும் இந்த வீடியோ வேறு மாதிரி வேலை செய்கிறது, அதுதான் பெரிய சேதம். ஒரு பள்ளி வாசலில் மாலை நாலேகால் மணிக்கு நின்று பாருங்கள். ஸ்கூட்டரில் ஒரு அம்மா. முன்னால் கால் வைக்கும் இடத்தில் சின்னவன் நிற்கிறான், அவன் தலை ஹேண்டிலுக்கு நேரே. பின்னால் பெரியவள், முதுகில் பை, பையின் எடை அவளைப் பின்பக்கமாக இழுக்கிறது, ஒரு கை தண்ணீர் பாட்டிலில். அம்மாவின் ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருக்கிறது, வீடு பக்கத்தில்தானே. பெரியவள் போன வருடம் வரை டவுன் பஸ்ஸில் வந்தவள். ஏன் மாற்றினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பஸ் நல்லாத்தான் இருந்துச்சு சார். ஆனா அந்த வீடியோ பார்த்ததுல இருந்து எங்க வீட்டுக்காரர், நீயே கொண்டுபோய் விடுன்னுட்டாரு. காலம் கெட்டுக் கெடக்கு."

"பாப்பாவுக்கு ஹெல்மெட்?"

"வாங்கணும் சார். தீபாவளி போகட்டும்."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபத்து குறைந்த பஸ்ஸிலிருந்து இறக்கி, நம் சாலைகளில் அதிகம் பேரைக் கொல்லும் வாகனத்தில் பிள்ளையை ஏற்றியது பாதுகாப்பு வகுப்பு. 2022-ல் சாலையில் இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்பியதில், அடுத்த 12 மாதங்களில் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கணக்கிட்டார். அவர்களில் யாரையும் அந்த நாளின் பலிப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை. பள்ளி வாசல் ஸ்கூட்டர்களிலும் அதே கதைதான் நடக்கிறது, யாரும் எண்ணாமல்.

கூட்டத்தை அடக்க வேண்டுமா? ஒரு சிறுவர் ஹெல்மெட்டை மேசை மேல் வையுங்கள். முன்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மாட்டி, பட்டையைப் பூட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள். கழன்று விழும். இப்போது பூட்டிவிட்டு ஆட்டச் சொல்லுங்கள். அதற்கும் ஹால் அடங்கும். நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையிலான குழந்தைக்கும் ஹெல்மெட், ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டை, 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்நியரை அடையாளம் காட்டுவது

வடமாநிலத் தொழிலாளி, பிச்சை எடுப்பவர், திருநங்கை, மனநலம் சரியில்லாதவர். இவர்களில் ஒருவர் படமும் உங்கள் ஸ்லைடில் இருக்கக் கூடாது. இதில் விவாதம் கிடையாது.

பெண்களிடம் "பயப்படாதீங்கம்மா" என்பது

கணக்கு தெரிந்த ஆண் பயிற்சியாளர்கள் இதில் வழக்கமாக மாட்டுகிறார்கள். தெருச் சண்டையில் வெட்டுப்படுபவர்களில் இளைஞர்கள் அதிகம், ஆனால் பயம் என்று கேட்டால் பெண்கள்தான் கை தூக்குகிறார்கள், அப்படியானால் பெண்களின் பயம் தேவையில்லாதது என்று போகிறது அவர்கள் வாதம். ஒரு பெண் எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைத் தவிர்த்தால், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கில் நல்ல செய்தியாகத்தான் வரும். அதற்கு அவள் கொடுத்த விலை வராது. டெல்லி பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி கிரிஜா போர்க்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் எழுதியதைப் படித்துப் பாருங்கள். போகிற வழியில் தொல்லை குறைவாக இருக்கும் என்பதற்காக, கிடைத்த நல்ல கல்லூரியை விட்டுத் தரம் குறைந்த கல்லூரியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆண் மாணவர்களிடம் அந்த அளவுக்கு அது இல்லை. இப்படிப்பட்ட பயத்தைத் தட்டிக் கழிக்க நாம் யார்?

அதே நேரம், இருட்டுச் சந்துகளையே காட்டிக்கொண்டிருப்பதும் பிரயோஜனமில்லை. 2022-ல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 96 சதவீதத்துக்கு மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்: சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர், பழகியவர். 'தெரியாதவர்களிடம் பேசாதே' என்பதோடு முடிகிற வகுப்பு, தெரிந்தவரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மாமா, தாத்தா, மாஸ்டர் யாராக இருந்தாலும் பிடிக்காத மாதிரி தொட்டால் அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் திட்டு விழாது என்பதைப் பெற்றோரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் வாயால் சொல்லவையுங்கள். இந்தப் பகுதியை முடிந்தவரை பெண் பயிற்சியாளர் எடுக்கட்டும்.

கொலைக்குப் பதில் விபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது

தலை நசுங்கிய படங்கள் வேண்டாம். முன்வரிசை தலையைக் குனிந்துகொள்ளும், அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் போய்ச் சேராது.

படித்தவர்கள் கூட்டம் என்று அசட்டையாக இருப்பது

ஐடி கம்பெனியிலும் இதே கதைதான். ஃபார்வர்ட் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

பயத்தை எழுப்பிவிட்டு வேலை கொடுக்காமல் அனுப்புவது

வன்முறைப் பயம் ஜனங்களை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு நான் பார்த்த வரையில் இன்னொரு காரணமும் உண்டு. அதற்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. கேமரா மாட்டலாம், தாழ்ப்பாள் போடலாம், குழுவில் ஃபார்வர்ட் செய்யலாம். குளத்தைப் பார்த்துப் பயந்தால் என்ன செய்வது? யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் பயமும் வருவதில்லை. கோடை விடுமுறையில் ஒரு பிள்ளை மூழ்க, காப்பாற்றக் குதித்த இரண்டு பேரும் சேர்ந்து போவது வருடா வருடம் பேப்பரில் வருகிற செய்தி. குதிக்கக் கூடாது, எதையாவது எறிய வேண்டும் என்பது கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் எறிந்தார்கள். இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்துவிட்டார்கள், மற்ற இரண்டு பேரைப் பிடிக்க முடியவில்லை. அரசு அந்த மூன்று பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மகளிர் குழுவில் இந்தச் சம்பவத்தைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பழைய நூல் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நைலக்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். ஒரு முனையில் பெரிய முடிச்சுப் போட்டு, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் நிற்பவரிடம் எறியச் சொல்லுங்கள். எறிகிறவர் நின்றுகொண்டு இழுத்தால் தானும் முன்னால் சாய்வார். படுத்துக்கொண்டோ, இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டோ இழுக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும். முதல் தடவை யாருக்கும் சரியாகப் போய் விழாது, சிரிப்பாகத்தான் இருக்கும். திரும்ப எறியச் சொல்லுங்கள்.